சோனோகிராஃபர் லைசென்ஸ் புதுப்பித்தல்: இரண்டு அலுவலகம், இரண்டு கெடு

அமெரிக்காவில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பவர் பெரும்பாலும் டாக்டர் அல்ல. அதற்கென்றே படித்த சோனோகிராஃபர்தான் நோயாளியைப் படுக்க வைத்து, ஸ்கேன் எடுத்து, அளவுகளைக் குறித்துப் படங்களை அனுப்பி வைப்பார். ரேடியாலஜிஸ்ட் வேறொரு அறையிலோ வேறொரு ஊரிலோ இருந்துகொண்டு அவற்றைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார். தமிழ்நாட்டில் டாக்டரே ஸ்கேன் எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இருக்கும். இந்தியாவில் 1994-ஆம் ஆண்டின் கருவின் பாலினம் அறிதல் தடைச் சட்டத்தின்படி ஸ்கேன் சென்டருக்குத்தான் பதிவு; அதை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இங்கே புதுப்பிக்க வேண்டியது ஸ்கேன் எடுக்கிற ஆளின் அனுமதியை.

இந்தப் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்திருக்கும் தமிழர்கள், குறிப்பாகக் கணவனோ மனைவியோ ஐ.டி. வேலையில் இருக்க, தான் புதிதாக மருத்துவத் துறைக்குள் வந்தவர்கள், அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "பரீட்சை எழுதி பாஸ் பண்ணியாச்சு, வருஷா வருஷம் பணமும் கட்டுறேன். அப்புறம் இந்த ஸ்டேட் லைசென்ஸ் எதுக்கு?" குழப்பம் முழுக்க இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஆண்டுதோறும் பணம் கட்டுவது ஓரிடம். லைசென்ஸ் தருவது வேறிடம். இரண்டும் ஒன்றென்று நினைப்பதால்தான் நல்ல வேலைக்காரர்கள்கூடக் காலாவதியான லைசென்ஸோடு ஸ்கேன் அறைக்குள் நிற்க நேர்கிறது.

சான்று வேறு, லைசென்ஸ் வேறு

எம்.பி.பி.எஸ். பட்டத்தைப் பல்கலைக்கழகம் தருகிறது. ஆனால் நோயாளியைத் தொட்டு வைத்தியம் பார்க்க மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். ஏறக்குறைய அதே உறவுதான் இங்கே சான்றுக்கும் லைசென்ஸுக்கும்.

சான்று தருபவை நாடு தழுவிய தனியார் அமைப்புகள். பெரியது ஏ.ஆர்.டி.எம்.எஸ். 1975-ல் தொடங்கியது. அல்ட்ராசவுண்டின் இயற்பியலுக்கு ஒரு தேர்வு, வயிறு, மகப்பேறு, இதயம், ரத்தக் குழாய் என்று நீங்கள் எடுத்துக்கொண்ட பிரிவுக்கு ஒரு தேர்வு என இரண்டும் தேறினால், பெயருக்குப் பின்னால் ஆர்.டி.எம்.எஸ். போன்ற எழுத்துகளைப் போட்டுக்கொள்ளலாம். எக்ஸ்ரே பக்கமிருந்து வருபவர்கள் ஏ.ஆர்.ஆர்.டி. சான்று வைத்திருப்பார்கள். இதயம், ரத்தக் குழாய்ப் பிரிவினர் சிலர் சி.சி.ஐ. என்ற அமைப்பில் சான்று பெற்றிருப்பார்கள். இவை மூன்றும் உங்கள் திறமைக்குச் சாட்சி சொல்கின்றன. உங்களை வேலை செய்ய அனுமதிக்கும் அதிகாரம் இவற்றுக்கு இல்லை.

அந்த அதிகாரம் மாநிலத்திடம் இருக்கிறது. ஆனால் எல்லா மாநிலமும் அதைக் கையில் எடுக்கவில்லை. சோனோகிராஃபருக்குத் தனி லைசென்ஸ் கேட்பவை நியூ மெக்சிகோ, ஓரிகன், நார்த் டகோட்டா, நியூ ஹாம்ப்ஷயர் என்ற நான்கு மாநிலங்கள். முதல் இரண்டும் 2009-ல் சட்டம் கொண்டுவந்தன. மற்ற இரண்டும் சில ஆண்டு கழித்துச் சேர்ந்தன. டெக்சாஸ், கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி என்று நம்மவர்கள் நிறைய வாழும் பெரிய மாநிலங்களில் இந்த லைசென்ஸ் கிடையாது. அங்கே மருத்துவமனைகள் சான்றைப் பார்த்தே வேலைக்கு எடுக்கின்றன. டல்லாஸில் பல ஆண்டு வேலை பார்த்துவிட்டு ஓரிகனுக்கு மாறுகிற ஒருவருக்கு லைசென்ஸ் என்ற விஷயமே முதன்முறையாகக் காதில் விழுவது இதனால்தான்.

எந்த மாநிலத்தின் விதி உங்களுக்குப் பொருந்தும் என்பதில் சிக்கலே வேண்டாம். நோயாளி எந்த மாநிலத்தில் படுத்திருக்கிறாரோ அந்த மாநிலத்தின் விதி. வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரில் வீடு, கொலம்பியா ஆற்றுப் பாலத்தைத் தாண்டி போர்ட்லாந்தில் வேலை என்றால் ஓரிகன் லைசென்ஸ் வேண்டும். அவரே வீட்டுக்குப் பக்கத்தில், வான்கூவரிலேயே வேலை பார்த்தால் வேண்டாம்.

அல்ட்ராசவுண்டுக்கு ஏன் லைசென்ஸ்?

பெரும்பாலான மாநிலங்கள் எக்ஸ்ரே எடுப்பவரிடம் லைசென்ஸ் கேட்கின்றன. கதிர்வீச்சு உடலுக்குக் கெடுதல் என்பதால், 1981-ல் மத்திய அரசே எக்ஸ்ரே பணியாளர்களின் தகுதிக்கு அளவுகோல் வகுக்கச் சட்டம் போட்டது. அல்ட்ராசவுண்ட் வெறும் ஒலி அலை. அதில் அந்த வகைக் கதிர்வீச்சு இல்லை. ஆகவே சட்டம் எழுதியவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நியூ மெக்சிகோவில் இன்றும் இந்த லைசென்ஸைக் கவனிப்பது சுற்றுச்சூழல் துறை. கதிர்வீச்சுக் கட்டுப்பாடு அந்தத் துறையிடம் இருந்ததால் இதுவும் அங்கேயே போய்ச் சேர்ந்தது.

ஆபத்து கருவியில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்த அந்தக் கணக்கு எனக்கு ஏற்புடையதல்ல. அல்ட்ராசவுண்டில் ஆபத்து, எடுக்காமல் விட்ட படத்தில் இருக்கிறது. சி.டி. ஸ்கேனில் உடம்பின் அந்தப் பகுதி முழுவதும் பதிவாகிவிடும். பிறகு யார் வேண்டுமானாலும் திரும்பப் பார்க்கலாம். அல்ட்ராசவுண்டில் சோனோகிராஃபர் புரோபை (உடல்மேல் வைத்து நகர்த்தும் கைக்கருவியை) எங்கே வைத்தாரோ அது மட்டும்தான் பதிவு. அவர் தாண்டிப் போன இடத்தை ரேடியாலஜிஸ்ட் எக்காலத்திலும் பார்க்கப் போவதில்லை.

கால் சிரையில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேனையே எடுத்துக்கொள்வோம். இடுப்பு மடிப்பிலிருந்து கீழே, ஏறத்தாழ 2 சென்டிமீட்டருக்கு ஒருமுறை, புரோபை வைத்து அழுத்திக்கொண்டே போக வேண்டும். நல்ல சிரை அழுத்தியதும் சப்பிப்போய் மூடிக்கொள்ளும். பக்கத்தில் தமனி மட்டும் வட்டமாக நிற்கும். உள்ளே கட்டி இருந்தால் சிரை மூடாது. புதிதாக உண்டான கட்டி திரையில் ரத்தத்தைப் போலவே கறுப்பாகத் தெரியும் என்பதுதான் இதில் பொல்லாத விஷயம். கண்ணால் பார்த்தால் ஒன்றுமில்லாதது போலவே இருக்கும், அழுத்தினால்தான் தெரியும். நோயாளிக்கு வலிக்கிறதே என்று லேசாக அழுத்தினாலும், ஓரிடத்தில் அழுத்தி அடுத்த இடத்தைத் தாண்டிப் போனாலும் கட்டி தப்பிவிடும். அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இப்படிப்பட்ட வேலையைச் செய்கிறவர் இன்றும் தகுதியோடு இருக்கிறாரா என்று சில ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பொது அமைப்பு கேட்பது நியாயம். புதுப்பித்தல் என்பதன் சாரம் அவ்வளவுதான்.

கிரெடிட் கணக்கு

அந்தக் கேள்விக்கு நீங்கள் கொடுக்கும் பதில், தொடர்கல்வி. பாடவகுப்பு, மாநாடு, இணையவழிப் பாடம், பத்திரிகைக் கட்டுரை படித்துக் கேள்விக்கு விடை எழுதுவது என்று பல வழிகளில் கிரெடிட், அதாவது படித்த மணிநேரத்துக்கான கணக்கு, சேரும்.

சான்று அமைப்புகள் கேட்கும் அளவு ஒன்றுக்கொன்று வேறுபடும். ஏ.ஆர்.டி.எம்.எஸ். மூன்று ஆண்டுக்கு 30 கிரெடிட் கேட்கிறது. கட்டணம் மட்டும் ஆண்டுதோறும். ஏ.ஆர்.ஆர்.டி. இரண்டு ஆண்டுக்கு 24 கேட்கிறது. அந்த இரண்டு ஆண்டு, நீங்கள் பிறந்த மாதத்தின் முதல் தேதியில் தொடங்கி, பிறந்த மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளில் முடியும். 2011 தொடங்கி அதில் சான்று பெற்றவர்களுக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை தகுதி மறுபரிசீலனையும் உண்டு. சி.சி.ஐ.-யில் மூன்று ஆண்டுக்கு 36.

லைசென்ஸ் தரும் மாநில வாரியங்களின் போக்கு தனி. நடப்பில் உள்ள சான்றைக் காட்டினாலே போதும் என்று ஏற்றுக்கொள்வது ஒரு வகை. லைசென்ஸ் காலத்துக்குள் எடுத்த மணிநேரத்தைத் தானே எண்ணிப் பார்ப்பது இன்னொரு வகை. இவற்றுக்கு மேல் தன் பங்குக்குச் சில பாடங்களைக் கட்டாயமாக்கும் மாநிலமும் உண்டு. ஓரிகன் சட்டம், மருத்துவ இமேஜிங் வாரியம் உட்படச் சுகாதார வாரியங்களிடம் லைசென்ஸ் பெற்றவர்கள் பலதரப்பட்ட பண்பாட்டு மக்களோடு பழகும் பயிற்சியும் எடுக்க வேண்டும் என்கிறது. ஏ.ஆர்.டி.எம்.எஸ். கணக்கில் 30 கிரெடிட் நிறைந்திருந்தாலும் இந்தப் பயிற்சி தானாக நிறைவேறியதாக ஆகாது.

இரண்டு கெடுவும் மோதிக்கொள்வதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். ஒருவர் 2023-ல் ஏ.ஆர்.டி.எம்.எஸ். சான்று பெறுகிறார். அவருடைய மூன்றாண்டுக் கணக்கு 2024 ஜனவரி 1-ல் தொடங்கி 2026 டிசம்பர் 31-ல் முடியும். அவர் வேலை பார்க்கும் மாநிலம் தந்த ஈராண்டு லைசென்ஸ் 2026 ஜூனில் முடிகிறது. "டிசம்பர் வரைக்கும் நேரம் இருக்கே" என்று முப்பதையும் அந்த ஆண்டுக் கடைசிக்குத் தள்ளி வைக்கிறார். மாநிலம் தன் கணக்குப்படி மணிநேரம் கேட்டால் ஜூனில் அவர் கையில் ஒன்றும் இருக்காது. சான்று அமைப்பைப் பொறுத்தவரை அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. மாநிலத்தைப் பொறுத்தவரை அவருக்கு லைசென்ஸ் இல்லை. ஆகவே இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதையே உங்கள் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்குப் பன்னிரண்டு கிரெடிட் என்று பழக்கிக்கொண்டால் மேலே சொன்ன எந்தக் கணக்கிலும் மணிநேரம் குறையாது.

எந்தப் பாடத்தை எடுப்பது என்பதில் கொஞ்சம் மனம் வையுங்கள். இலவசமாகக் கிடைக்கிறது, சீக்கிரம் முடிகிறது என்று எதையாவது எடுத்து எண்ணிக்கையை நிரப்புவது எளிது. ஆனால் இந்தத் துறை நிற்காமல் மாறிக்கொண்டிருக்கிறது. தைராய்டு கட்டிகளை மதிப்பிட 2017-ல் அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் டைராட்ஸ் என்ற புள்ளி முறையை வெளியிட்டது. கட்டி திடமா நீரா, எவ்வளவு வெளுப்பு, என்ன வடிவம், விளிம்பு எப்படி, உள்ளே மின்னும் புள்ளிகள் உண்டா என்று ஐந்து விஷயத்துக்குப் புள்ளி போட்டு, கூட்டுத்தொகையையும் கட்டியின் அளவையும் வைத்து ஊசி போட்டுத் திசு எடுப்பதா என்று முடிவு செய்வார்கள். சந்தேகம் அதிகமுள்ள வகைக்கு 1 சென்டிமீட்டரே போதும். சந்தேகம் குறைந்த வகைக்கு 2.5 சென்டிமீட்டர் வரை பொறுக்கலாம். கட்டி அகலத்தைவிட உயரமாக இருந்தால் மூன்று புள்ளி கூடும். அதைக் குறுக்குவெட்டுப் படத்தில் அளக்க வேண்டும். 2010-ல் படித்து முடித்தவருக்கு இது பாடப்புத்தகத்தில் இருந்திருக்காது. அவர் நெடுக்குப் படத்தில் மட்டும் அளந்து அனுப்பினால், தேவையில்லாத ஊசியோ தவறிப்போன புற்றுநோயோ ஒரு நோயாளியின் தலையில் விழும்.

உங்கள் உடம்புக்கான பாடத்தையும் விட்டுவிடாதீர்கள். சோனோகிராஃபர்களில் மிகப் பலர் தோள், கழுத்து, மணிக்கட்டு வலியோடுதான் வேலை செய்கிறார்கள். ஸ்கேன் எடுக்கும் கை உடலிலிருந்து 30 டிகிரிக்கு மேல் விலகாதபடி நோயாளியை அருகே நகர்த்தச் சொல்வது, முழங்கைக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைப்பது, கேபிளின் கனம் மணிக்கட்டில் விழாமல் பார்த்துக்கொள்வது போன்றவற்றைச் சொல்லித் தரும் வகுப்புகளுக்கும் கிரெடிட் உண்டு. முப்பது வயதில் இதைக் கற்றுக்கொண்டவர் ஐம்பது வயதிலும் இந்த வேலையில் இருக்க வாய்ப்பு அதிகம்.

எடுத்த பாடத்துக்கெல்லாம் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். உங்கள் பெயர், தேதி, எத்தனை கிரெடிட், யார் அங்கீகரித்தது என்ற நான்கும் அதில் இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். ஏ.ஆர்.டி.எம்.எஸ். சிலரைப் பொறுக்கி ஆடிட் செய்யும். அப்போது நீங்கள் எழுதி வைத்த பட்டியல் போதாது, சான்றிதழையே காட்ட வேண்டும். மருத்துவமனை நடத்தும் கட்டாயப் பயிற்சி எல்லாம் தானாகக் கிரெடிட் ஆகிவிடாது. அங்கீகாரம் பெற்ற பாடமா என்பதுதான் கேள்வி.

விண்ணப்பமும் நம் பெயர்களும்

விண்ணப்பம் இணையத்திலேயே முடிந்துவிடும். முகவரி, சான்று எண், தொடர்கல்வி விவரம், கட்டணம். நடுவில் ஆம், இல்லை என்று பதில் கேட்கும் கேள்விகள் வரும்: வேறு மாநிலத்தில் உங்கள் மேல் நடவடிக்கை உண்டா, குற்ற வழக்கு உண்டா. இங்கே உண்மையை மறைப்பது, மறைக்கப்பட்ட விஷயத்தைவிடப் பெரிய குற்றமாகிவிடும். சில விஷயங்களுக்குப் புதுப்பிக்கும் நாள் வரை காத்திருக்கவும் கூடாது. ஓரிகனில் பெருங்குற்றத்துக்காகக் கைதானாலும், எந்தக் குற்றத்துக்காவது தண்டனை பெற்றாலும், 10 நாளுக்குள் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

நம்மவர்கள் உண்மையில் மாட்டிக்கொள்வது பெயரில். குடும்பப் பெயர் என்ற வழக்கம் நம்மிடம் இல்லை. அப்பா பெயரை இனிஷியலாக வைத்து வளர்ந்து, பாஸ்போர்ட்டுக்காக அதை விரித்து எழுதி, கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைக் கடைசியில் சேர்த்துக்கொண்டவர் எத்தனையோ பேர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்ததால் விசாவில் முதல் பெயருக்குப் பதில் 'எஃப்.என்.யு.' (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகி வந்தவர்களும் உண்டு. அதே மூன்றெழுத்து டிரைவிங் லைசென்ஸிலும் ஒட்டிக்கொண்டுவிடும். கல்லூரிச் சான்றிதழில் ஒரு பெயர், ஏ.ஆர்.டி.எம்.எஸ். கணக்கில் ஒரு பெயர், மாநில விண்ணப்பத்தில் ஒரு பெயர் என்று இருந்தால், மாநிலம் சரிபார்க்கும்போது மூன்றும் ஒரே ஆள் என்று நம்ப அதற்கு வழியில்லை. கெடு நெருங்கும் நேரத்தில் இதைச் சரிசெய்யப் பல நாள் பிடிக்கும். கல்யாணச் சான்றிதழ், குடியுரிமைச் சான்றிதழ் போன்ற ஆவணம் கையில் கிடைத்த உடனேயே எல்லா இடத்திலும் பெயரை ஒரே மாதிரி மாற்றிவிடுங்கள். முதலில் அரசு அடையாள அட்டை, அடுத்து சான்று அமைப்பு, கடைசியில் மாநில வாரியம்; ஒவ்வொன்றும் முந்தையதைக் கேட்கும் என்பதால் இந்த வரிசை வசதி. வீடு மாறினாலும் மின்னஞ்சல் மாறினாலும் வாரியத்துக்குச் சொல்லிவிடுங்கள். நினைவூட்டல் பழைய முகவரிக்குப் போனது என்பதை யாரும் காரணமாக ஏற்பதில்லை.

தேதி தாண்டிவிட்டால்

ஸ்கேன் எடுப்பதை அன்றே நிறுத்த வேண்டும். பணம் கட்டியாயிற்று, இரண்டு நாளில் வந்துவிடும் என்று ஷிஃப்டுக்குப் போகக் கூடாது. மேனேஜரே வரச் சொன்னாலும், லைசென்ஸ் உங்கள் பெயரில் இருக்கிறது; பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். வாரியம் அபராதம் விதிக்கலாம். அதைவிடப் பெரியது, ஒழுங்கு நடவடிக்கை என்று பதிவாவது. மாநில வாரியங்கள் எடுக்கும் இத்தகைய நடவடிக்கைகள் மருத்துவப் பணியாளர்களுக்கான தேசியத் தகவல் தொகுப்புக்கும் போகும். அதன்பின் எந்த மாநிலத்தில் விண்ணப்பித்தாலும் அந்த ஆம், இல்லை கேள்விக்கு "ஆம்" என்றே எழுத வேண்டிவரும்.

வேலை கொடுத்தவருக்கும் இதில் இழப்பு உண்டு. தனித்து இயங்கும் ஸ்கேன் மையங்கள், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரிடம் பணம் கேட்க வேண்டுமானால், ஸ்கேன் எடுப்பவர் மாநில லைசென்ஸ் பெற்றிருக்க வேண்டும். லைசென்ஸ் முறையே இல்லாத மாநிலத்தில் தேசியச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்று மத்திய விதி சொல்கிறது. லைசென்ஸ் இல்லாத நாளில் எடுத்த ஸ்கேனுக்குப் பில் போட்டால் அந்தப் பணம் கேள்விக்குள்ளாகும். வேலை தருபவர்கள் நீங்கள் கொடுக்கும் நகலை நம்பாமல், வாரியத்தின் இணையப் பக்கத்தில் நேராகப் பார்த்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். நீங்களும் அதே பக்கத்தில் உங்கள் பெயரைத் தேடி, முடிவு தேதியை ஒருமுறை பார்த்து வைப்பது நல்லது.

மகப்பேறுக்காகவோ, ஊரில் பெற்றோருக்கு உடம்பு முடியாமலோ ஓராண்டு ஈராண்டு வேலையை விட்டு விலக நேரலாம். அப்போது மாநில லைசென்ஸை விட்டுவிட்டுத் திரும்பி வந்து வாங்கிக்கொள்ளலாமா என்பது அந்தந்த வாரியத்தின் விதியைப் பொறுத்தது. கிளம்பும் முன்பே எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தேசியச் சான்றை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். திருச்சியில் இருந்துகொண்டே கட்டணம் கட்டலாம், இணையத்திலேயே கிரெடிட் சேர்க்கலாம். சான்று நீண்ட நாள் விடுபட்டுப் போனால் தேர்வையே மறுபடி எழுத வேண்டிவரும். அந்தச் சான்று இல்லாமல் மாநில வாரியத்தின் கதவும் திறக்காது.